பத்து ஈயத் தகடுகள்

அந்தக் கார்ப் பந்தய அணியில் மொத்தம் பதினான்கு பேர். என்ஜினைப் பிரித்து மாட்ட நான்கு பேர், டயருக்கு மூன்று பேர், கணினியைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு இன்ஜினியர் என்று ஆளுக்கொரு வேலை. எடைக்கு ஒரே ஒருவர். அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. எல்லோரும் அவரைத் "தராசு" என்றே கூப்பிட்டார்கள். வயதில் சின்னவர்கள் மட்டும் மரியாதைக்கு ஒரு "அண்ணே" சேர்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் ஓட்டியது சாலையில் போகிற நாலு கதவுக் கார் மாதிரியே இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பின் இருக்கை கிடையாது, குழாய்க் கூண்டு ஒன்று இருக்கும், ஓட்டுபவருக்கு மட்டும் ஒரு இருக்கை. இந்தப் பந்தயத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஓட்டி முடித்ததும், ஓட்டியவர் உள்ளே உட்கார்ந்திருக்க, காரை அதிகாரிகளின் தராசில் ஏற்றுவார்கள். இரண்டும் சேர்ந்து ஆயிரத்து முந்நூற்று முப்பது கிலோவுக்குக் குறையக் கூடாது. நூறு கிராம் குறைந்தாலும் ஜெயித்தது ஜெயித்ததாகாது. குறைகிற எடையை ஈயத் தகடுகளாகக் காரின் தரையில் திருகி வைப்பார்கள். தகடு ஒன்று எழுநூறு கிராம். எத்தனை தகடு, எந்த இடத்தில் என்று முடிவு செய்வதுதான் தராசின் வேலை. எரிகிற பெட்ரோல், வடிகிற வேர்வை எல்லாவற்றையும் முன்கூட்டியே கழித்துக் கணக்குப் போட்டு, முந்நூறு கிராம் மட்டும் கூடுதலாக விடுவார். அதற்கு மேல் விட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவர் பதினோரு வருடம் லாரி எடை மேடையில் இருந்தார். பழைய இரும்பு ஏற்றி வரும் லாரிக்காரர்கள் சரக்கோடு எடை போடும்போது தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வைத்திருப்பார்கள். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது குழாயைத் திறந்துவிட்டு, காலித் தொட்டியோடு மேடை ஏறுவார்கள். தண்ணீரும் இரும்பு விலைக்குப் போய்விடும். தராசு ஒன்றும் சொல்லாமல் போய்த் தொட்டியை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருவார். அந்தச் சத்தமே அவருக்குக் கணக்கைச் சொல்லிவிடும்.

அணிக்கு அவரைக் கூட்டி வந்தவன் அவருடைய மனைவியின் தம்பி. அணியின் காரை ஓட்டுபவன் அவன்தான். முப்பத்தாறு வயது. ஒன்பது சீசன் ஓட்டியும் ஒரு முறைகூட முதலிடம் வந்ததில்லை. இந்த ஓட்டத்தில் முப்பத்தாறு என்பது கிழப்பருவம் இல்லை. ஆனால் அடுத்த வருடத்துக்கு வேறு ஆள் தேடிக்கொண்டிருப்பதாக மேனேஜரே ஜாடைமாடையாகச் சொல்லிவிட்டார்.

மனைவிக்கு நாற்பத்தெட்டு. வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மிஷின் போட்டு, தொளதொளத்த துணியைப் பிடித்துக் கொடுப்பதும் இறுக்கமானதைப் பிரித்துக் கொடுப்பதுமாக ஓய்வில்லாமல் இருப்பாள். தம்பி பிறந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா ஷிப்ட் வேலைக்குப் போய்விடுவதால் அவனை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள்தான். பள்ளிக்கூடத்துப் பாடத்தைக்கூட அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் எழுதினாள். கல்யாணமாகி வரும்போது பத்து வயதுத் தம்பி கூடவே வந்துவிட்டான். அதனால் தராசுக்கு அவன் மச்சினன் பாதி, பிள்ளை பாதி.

மார்ச் 14, வெள்ளிக்கிழமை. சீசனின் ஒன்பது சுற்றுகளில் முதல் சுற்றுக்கு முன் பந்தய உடை, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாவற்றோடும் மச்சினன் தராசில் ஏறினான். எண்பத்திரண்டு கிலோ முந்நூறு கிராம். மூன்று வருடமாக அதேதான். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் ஏழாவதாக வந்தான்.

ஏப்ரல் 4 அன்று இரண்டாம் சுற்று. எண்பத்தொன்று அறுநூறு. எழுநூறு கிராம் குறைவு. அதாவது ஒரு தகடு. தராசு அதைக் காரின் தரையில், ஓட்டுபவருக்கு எதிர்ப்பக்கம், மிகத் தாழ்வான இடத்தில் திருகினார். நான்காவதாக வந்தான்.

ஏப்ரல் 25, மூன்றாம் சுற்று. எண்பது தொள்ளாயிரம். இன்னொரு தகடு.

இப்படி ஒருவன் இளைத்துக்கொண்டு வந்தால் வேறு யாராக இருந்தாலும் உடம்புக்கு என்ன என்று கேட்டிருப்பார்கள். தராசுக்கு அது தோன்றவில்லை. எடை பார்க்கும் மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் தோன்றியது. மச்சினனை இறங்கச் சொல்லிவிட்டு, இருபது கிலோ படிக்கல் நான்கை ஏற்றிப் பார்த்தார். எண்பது என்று காட்டியது. மேடையைச் சுவரோரம் நகர்த்தி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, மறுபடி ஏற்றினார். அப்போதும் எண்பது. ஹெல்மெட்டைத் தனியாக நிறுத்தார், பூட்ஸைத் தனியாக நிறுத்தார். எதுவும் மாறவில்லை.

"மாமா, நீங்க என்னையே சந்தேகப்படுவீங்க, அந்த மெஷினைச் சந்தேகப்பட மாட்டீங்கன்னு நெனச்சேன். தலைகீழா இருக்கே" என்று சிரித்தான் மச்சினன்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு மாப்ளே. நீதான் தப்பா இருக்க."

"ராத்திரி சாப்பாட்டைக் குறைச்சிருக்கேன். இன்ஜினியர்கூட இளைக்கச் சொன்னாரே."

அது பொய் இல்லை. இன்ஜினியருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஓட்டுபவர் உடம்பில் இருக்கும் கிலோ இருக்கை உயரத்தில், ஒரு பக்கமாக இருக்கும். அதே கிலோ ஈயமாக மாறினால் எதிர்ப்பக்கம், தரையோடு தரையாக வைக்கலாம். வளைவுகளில் கார் சாயாமல் நிற்கும். "தராசண்ணே, உங்க மாப்ள இப்படியே போனா கப்பு நமக்குத்தான்" என்று இன்ஜினியர் முதுகில் தட்டினார்.

மே 16 அன்று நான்காம் சுற்றில் நான்கு தகடுகள். அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் முதலாவதாக வந்தான். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. அவன் காரின் கூரைமேல் ஏறி நின்று கையை ஆட்டியபோது, தராசு கீழே நின்று அவன் முகத்தைப் பார்த்தார். கன்னம் உள்வாங்கியிருந்தது. கால்சட்டை இடுப்பில் பிடித்துத் தைக்கப்பட்டிருந்ததையும் பார்த்தார். இருபத்தாறு வருடமாக மனைவியின் தையலைப் பார்க்கிற கண். அது அவள் போட்ட தையல் இல்லை. அக்கா வீட்டிலேயே தையல் மிஷின் இருக்கும்போது ஒருவன் கால்சட்டையை வெளியில் கொடுத்துப் பிடிக்கிறான் என்றால், அக்காவுக்குத் தெரியக் கூடாத ஏதோ அந்தக் கால்சட்டைக்குள் இருக்கிறது.

ஜெயித்த கார் அடுத்த சுற்றில் தண்டனை போலக் கூடுதலாக முப்பது கிலோ சுமக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அதனால் காருக்குள் தகடுகள் வருவதும் போவதுமாக இருந்தன. அந்தக் கூட்டத்தில் எந்தத் தகடு வெற்றிக்கு, எந்தத் தகடு மச்சினனுக்கு என்பது தராசைத் தவிர யாருக்கும் தெரியாது. அதிகாரிகளுக்கு மொத்தம் சரியாக இருந்தால் போதும்.

ஜூன் 13, ஐந்தாம் சுற்று. மச்சினன் தராசில் ஏறினான். எழுபத்தெட்டு தொள்ளாயிரம். தராசு எழுதவில்லை. எழுந்து போய்ப் பக்கத்து உடை மாற்றும் அறையை எட்டிப் பார்த்தார். பெஞ்சுக்கடியில் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டில், காலி. திரும்பி வந்து, மச்சினன் வயிற்றில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"என்ன மாமா இது?"

"லாரிக்காரன் வேலை. போய்க் கொட்டிட்டு வா. அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்ல, நான் இங்கதான் இருக்கேன்."

திரும்பி வந்தபோது எழுபத்தேழு நானூறு. ஏழு தகடுகள். மச்சினன் தராசை விட்டு இறங்காமல் அங்கேயே நின்றான்.

"எப்பலேருந்து?" என்றார் தராசு.

"ரெண்டு மாசமா. தண்ணி குடிச்சா அடங்க மாட்டேங்குது. போன வாரம் மருந்துக் கடையில விரல்ல குத்திப் பார்த்தேன். சர்க்கரை முந்நூத்தி நாப்பது. அப்பாவுக்கு வந்ததுதான் மாமா."

"டாக்டரைப் பார்த்தியா?"

"பார்த்தா லைசன்ஸைப் புடுங்கிடுவாங்க. இப்ப நான் ரெண்டாவது இடத்துல இருக்கேன். இதை விட்டா நாலே நாலு சுற்று. செப்டம்பர் முடிஞ்சதும் நானே போய்ப் படுத்துக்கறேன். அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லாதீங்க. எனக்காக இது ஒண்ணு செய்ங்க."

தராசு படிக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கினார். அவன் பத்து வயதில் வீட்டுக்கு வந்தவன். இதுவரை எதையும் கேட்டதில்லை.

"வாயைத் தொறக்க மாட்டேன்" என்றார்.

அந்தச் சுற்றில் முப்பது கிலோச் சுமையோடும் இரண்டாவதாக வந்தான். புள்ளிப் பட்டியலில் அவன் பெயர் முதலாவது. மேனேஜர் அடுத்த வருட ஒப்பந்தத்தைப் பற்றி வாய் நிறையப் பேச ஆரம்பித்தார். அந்த இரண்டாம் இடம் தன் கைவேலை என்பது தராசுக்கு மட்டும் தெரியும். மச்சினன் உடம்பிலிருந்து உருகியதையெல்லாம் எடுத்து, கார் வேகமாக ஓடுகிற இடமாகப் பார்த்துத் திருகியவர் அவர்தான்.

ஜூன் 28, சனிக்கிழமை, பயிற்சி ஓட்டம். எழுபத்தைந்து முந்நூறு. பத்துத் தகடுகள். நேர்ப்பாதையில் மணிக்கு இருநூற்றுப் பத்துக் கிலோமீட்டர் வேகம். காரை நிறுத்தி இறங்கியதும் பாதையோரம் நின்று போர்டில் எண்ணைக் காட்டும் டயர்க்காரரிடம் மச்சினன் கேட்டது தராசின் காதில் விழுந்தது.

"ஏன் இன்னிக்கு போர்டை அழிச்சு அழிச்சு எழுதறீங்க? எண்ணே தெரியல, கலங்கலா இருக்கு."

"அழிக்கவே இல்லையே. எப்பவும் மாட்டற அதே அட்டைதான்" என்றார் டயர்க்காரர்.

அதற்குப் பிறகு மூன்று நாள் தராசுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. கொடுத்த வாக்கு ஒரு பக்கம். அந்தக் கலங்கிய எண் ஒரு பக்கம்.

ஜூலை 1, செவ்வாய்க்கிழமை. காலை பத்தேகாலுக்குப் பட்டறையிலிருந்து பத்துத் தகடுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி சமையலறை மேசையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பையைத் திறந்து, தகடுகளை ஒவ்வொன்றாக அவள் முன்னால் அடுக்கினார்.

"என்னங்க இது? காய் நறுக்கற எடத்துல கொண்டாந்து ஈயத்தைக் கொட்டறீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? தம்பி வண்டித் தகடா?"

தலையை ஆட்டினார்.

"கூடுதலா வெக்கிறீங்களா? எதுக்கு? ஜெயிச்சதுக்கா?"

இல்லை என்று ஆட்டினார்.

கத்தியைக் கீழே வைத்தாள். "எடை குறைஞ்சாத்தானே இதை வெப்பீங்க. வண்டியில என்ன குறைஞ்சது?"

அவர் அசையவில்லை.

"வண்டியில இல்லையா?" என்றாள், குரல் இறங்கி. "அவன்கிட்டயா?"

தலை ஆடியது.

"அதான் மூணு மாசமா வீட்டுப் பக்கமே காணோம். போன் பண்ணா ப்ராக்டீஸ், ப்ராக்டீஸ். கால்சட்டை லூசாச்சுன்னாகூட என்கிட்டதானே வருவான்..." என்றவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "வெளியில தெச்சிருக்கானா?"

தராசு தரையைப் பார்த்தார்.

அவள் பத்துத் தகடுகளையும் பைக்குள் போட்டாள். தூக்கிப் பார்த்தாள். கை தாங்கவில்லையோ என்னவோ, பையை இடுப்புக்கு ஏற்றி, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"ஆறு மாசத்துக் குழந்தை கனங்க இது" என்றாள். "அவனை ஆறு மாசத்துல தூக்கின கனம் எனக்குத் தெரியாதா? இத்தனையும் போயிடுச்சா அவன்கிட்டேருந்து?"

அவள் அழவில்லை. அடுப்பை அணைத்தாள், செருப்பை மாட்டினாள், பையை இறக்காமலே தெருவில் நடந்தாள். "என்கிட்ட குடு" என்று கையை நீட்டினார் தராசு. அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். அவள் கொடுக்கவில்லை. இரண்டு பஸ் நிறுத்தத் தூரம், பிறகு தம்பி தனியாகக் குடியிருந்த வீட்டுக்கு மூன்று மாடி. அவர் ஒரு படி பின்னாலேயே ஏறினார்.

கதவைத் திறந்த மச்சினனின் கையில் பையைத் திணித்தாள். "பிடி."

பிடித்தான். பை அவன் கையிலிருந்து நழுவித் தரையில் இறங்கியது.

"எட்டு வளைவு சுத்தறவனுக்கு ஏழு கிலோ தூக்க முடியலையா?"

அவன் பையைப் பார்த்தான், அக்காவுக்குப் பின்னால் நின்ற மாமாவைப் பார்த்தான். "சொல்லிட்டீங்களா மாமா? வாயைத் தொறக்க மாட்டேன்னீங்களே?"

"ஒரு வார்த்தை பேசல அந்த மனுஷன். ஊமை மாதிரி உக்காந்திருந்தாரு" என்றாள் அக்கா. "பேசினது இந்த ஈயம். சட்டையைப் போடு. ஆஸ்பத்திரி போறோம்."

"வெள்ளிக்கிழமை ஆறாவது சுற்று, அக்கா. இன்னும் மூணு நாள்..."

"சட்டையைப் போடுன்னேன்."

ஆஸ்பத்திரியில் சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. இன்னும் சில நாள் போயிருந்தால் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பியிருக்கும் என்றார் டாக்டர்.

ஆறாம், ஏழாம், எட்டாம் சுற்றுகளை வேறு ஆள் ஓட்டினார். புள்ளிப் பட்டியலில் மச்சினன் முதலிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து ஏழு என்று இறங்கினான். அவன் அக்கா வீட்டில்தான் இருந்தான். தினம் நான்கு ஊசி, வேளைக்கு அளந்த சாப்பாடு. அக்காவோடு பேசினான், சிரித்தான், சண்டையும் போட்டான். மாமாவோடு மட்டும் பத்தொன்பது நாள் ஒரு பேச்சில்லை. தராசு பட்டறையிலிருந்து வருவார், அவன் எழுந்து உள்ளே போய்விடுவான்.

இருபதாம் நாள், ஜூலை 21, தராசு வீட்டுக்குள் நுழையும்போது மனைவி ஒரு கால்சட்டையை மடியில் போட்டு, வெளியாள் போட்ட தையலை ஊசி முனையால் பிரித்துக்கொண்டிருந்தாள். "இது தையலா? சாக்குமூட்டை கட்டின மாதிரி இருக்கு" என்று முனகல் வேறு. பக்கத்தில் மச்சினன் நின்றிருந்தான். இந்தத் தடவை உள்ளே போகவில்லை.

"இடுப்பு பிடிக்குது மாமா" என்றான்.

தராசு அவனைத் தலை முதல் கால்வரை ஒரு பார்வை பார்த்தார். "ஒன்றரைக் கிலோ ஏறியிருக்க."

"கண்ணாலேயே நிறுத்துட்டீங்களா?"

"சந்தேகமா இருந்தா ஏறு. குளியலறைத் தராசு இருக்கு."

அவன் ஏறினான். ஒன்று அறுநூறு ஏறியிருந்தது. அன்று தராசு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

கடைசிச் சுற்றுக்கு முன் பந்தய டாக்டர்கள் அவனைப் பரிசோதித்தார்கள். கையில் சர்க்கரை அளக்கும் வில்லை ஒட்டியிருக்க வேண்டும், அளவு இறங்கினால் விழுங்க குளுக்கோஸ் கூழ் அடைத்த சின்ன இனிப்புக் குழாய்கள் காருக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஓட்ட அனுமதித்தார்கள். செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. மச்சினன் முழு உடையில் தராசில் ஏறினான். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

எண்பது கிலோ இருநூறு.

"எத்தனை மாமா?"

"மூணு."

ஏழு தகடுகளை அலமாரியில் வைத்துவிட்டு, தராசு காருக்குள் புகுந்தார். நாற்பது நிமிடம் கழித்து மச்சினன் உள்ளே உட்கார்ந்து எதிர்ப்பக்கத் தரையைப் பார்த்தான். இரண்டு தகடுகள்தான் இருந்தன.

"மூணுன்னீங்களே. மூணாவது எங்க?"

"வலது கையை நீட்டு. இன்னும் கொஞ்சம் மேல. பெல்ட் இழுக்காம எட்டுதா?"

கை ஒரு சின்ன உலோகப் பெட்டியில் பட்டது. தகரத்தை மடித்துச் செய்த பெட்டி. கையுறையோடு திறக்கிற மாதிரி மூடியில் அகலமான நாடா வைத்துத் தைத்திருந்தது. அது யார் தையல் என்று மச்சினனுக்குத் தெரியும். உள்ளே ஆறு இனிப்புக் குழாய்கள். பெட்டி, நாடா, குழாய், திருகு எல்லாம் சேர்த்து எழுநூறு கிராம்.

இன்ஜினியர் ஜன்னல் வழியாகத் தலையை விட்டுப் பார்த்தார். அவர் முகம் கோணியது. "தராசண்ணே, அவ்வளவு உயரத்துல, அதுவும் அவன் உக்கார்ற பக்கமே வெச்சா வண்டி வளைவுல சாயுமே. இத்தனை வருஷமா இந்த வேலை பாக்கறீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தடத்தை ஒரு தடவை சுத்தறதுக்குள்ள செகண்டுல ஒரு சின்னப் பங்காவது போகும்."

"போகட்டும்" என்றார் தராசு, திருகைக் கடைசியாக ஒரு தடவை முறுக்கிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் ஆறாவதாக வந்தான். நடுவில், தடத்தைப் பதினோராவது தடவை சுற்றும்போது, நேர்ப்பாதையில் ஒரு குழாயைப் பிரித்து விழுங்கியிருந்தான். அதிகாரிகளின் தராசில் கார் ஏறியபோது தடுப்புக்கு வெளியே அக்கா நின்றிருந்தாள். பலகையில் எண் வந்தது. ஆயிரத்து முந்நூற்று முப்பது கிலோ இருநூற்றைம்பது கிராம்.

"அம்பது கிராம் குறையுதே, நீங்க முந்நூறுதானே விடுவீங்க" என்றாள் அவள். இத்தனை வருடத்தில் அவளுக்கும் அந்தக் கணக்கு பழகியிருந்தது.

"உன் தம்பி சாப்பிட்டுட்டான்" என்றார் தராசு. "தின்னது அவன் வயித்துலதான் இருக்கு, மிச்சத்தோட குழாயை ஜன்னல் வழியா வீசியிருப்பான். குழாயும் மிச்சமும் சேர்த்து அம்பது கிராம்."